ஏகாதசியன்று காணாமல் போன படம்

"சார், என்னைத் திருடின்னு வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டுட்டாங்க" என்றபடி வஜீஹா உள்ளே வந்தாள். கோட்டூர்புரத்தில் நல்லசிவத்தின் மூன்றாம் மாடி வீடுவரை படியேறிய மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

நல்லசிவம் தீவிபத்து இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைக் கிளறிச் சொன்ன மனிதருக்கு அவசரம் என்பதே தெரியாது. எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பக்கத்தில் இருந்த வைரவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்; துப்பறியப் போகலாம் என்றால் போதும், கடை ஷட்டரை இறக்கிவிடுவான்.

"இன்னா திருட்டு? எவன் சொன்னது? பேரைச் சொல்லும்மா!"

"முதல்ல அவங்க பேசட்டும் வைரவா."

வஜீஹா சொன்னாள். மயிலாப்பூரில் ஒரு பழைய வாசகசாலை. பேட்டைக் குடும்பங்களின் பழம்பொருள்களை வைத்து அங்கே இன்று கண்காட்சி. ஏற்பாடெல்லாம் அவள்தான். அவள் வீட்டிலிருந்தும் ஒரு பெரிய புகைப்படம் காலையில்தான் வந்து சேர்ந்தது: வாசகசாலைக்கு அஸ்திவாரம் போட்ட அன்று எடுத்தது. குத்துவிளக்குக்கு மேலே ஒரே ஓர் ஆணிதான் மிச்சமிருந்தது. அதில் மாட்டினாள்.

"மதியம் எல்லாரும் கீழே சாப்பிடப் போனாங்க. கடைசியா நான் மாடியைப் பூட்டினேன். சாப்பிட்டுட்டு வந்து திறந்தா படம் இல்ல. சாவி உன்கிட்டதானே இருந்துச்சுன்னு என் பையை எல்லார் முன்னாடியும் கொட்டிப் பார்த்தாங்க சார். சாயங்காலக் கூட்டத்துல மைக்ல சொல்லிட்டு போலீசுக்குப் போவாங்களாம்."

சொந்த வீட்டுப் படத்தை யாராவது திருடுவார்களா? கேட்பார் இல்லை. இவளே வெளியே விற்றுவிட்டாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஒருவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் இந்த ஊருக்குக் காரணமா கிடைக்காது?

"பூட்டும்போது விளக்கு எரிஞ்சுதா?" என்றார் நல்லசிவம். தீயைப் பற்றிக் கேட்பது அவருடைய தொழில் புத்தி.

வஜீஹா தயங்கினாள். "எரிஞ்சுது. நான் தொட்டா யாராவது ஏதாவது சொல்லுவாங்களோன்னு அப்படியே விட்டுட்டேன். இதுக்கும் திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"திறந்தப்போ?"

"அணைஞ்சிருந்துச்சு."

"சரி. விளக்கு விஷயத்தை இனிமேலும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வாசகசாலை வாசலில் பேச்சியம்மாள் காவல் இருந்தாள். மதியம் யாரும் பெரிய பொருள் எதையும் வெளியே எடுத்துப் போகவில்லை என்று அடித்துச் சொன்னாள். உள்ளே பழம்பொருள் சேகரிக்கும் சுப்பராமன், காலையில் அந்தப் படத்தை விலைக்குக் கேட்டவர், வேர்க்க விறுவிறுக்க உலாத்திக்கொண்டிருந்தார்.

"சார், இவருதான்! மூஞ்சைப் பாரு, முழி பிதுங்கிக்கினு கீது" என்று வைரவன் காதைக் கடித்தான்.

"சந்தேகப்பட்டா எல்லார் முழியும் அப்படித்தான் தெரியும்."

பொருளாளர் சாருலதா எதிரே வந்தாள். சுப்பராமன் தன் பக்கத்து இலையில்தான் சாப்பிட்டார், நடுவில் எழுந்திருக்கவே இல்லை என்றாள். மாடிக்கு இன்னொரு சாவி இருக்கிறது. கீழே ஆபீஸ் அறையில் மாட்டியிருக்கும். விளக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "வஜீஹாதான் அணைச்சுட்டுப் பூட்டியிருப்பா" என்றாள். சுப்பராமனும் அதையே சொன்னார்.

ஆபீஸ் அறையில் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் பெஞ்சில் சாய்ந்திருந்தார். தோளில் ஜோல்னாப் பை. வாசகசாலையைக் கட்டியது தன் கொள்ளுத்தாத்தா என்று பல வருஷமாக மேடைதோறும் பேசி வருபவர். அந்தக் கொள்ளுத்தாத்தா பெயரில் இன்று மாலை கல்வெட்டுத் திறக்கப் போகிறார்கள்.

"காபி சொல்லட்டுமா சார்?" என்றார் நல்லசிவம்.

"வேண்டாம். இன்னிக்கு ஏகாதசி. ஆத்துலேர்ந்து பால் கொண்டு வந்திருக்கேன், அதோட சரி." பையிலிருந்த பிளாஸ்க்கைத் தட்டிக் காட்டினார். "சாப்பாட்டுக்கும் போகலை. இங்கேயே கண் அசந்துட்டேன். காலைல விளக்கேத்தினப்புறம் நான் மாடிப் பக்கமே போகலை. சத்தம் கேட்டுத்தான் போனேன்."

"வஜீஹா எப்படி?"

"அவளுக்குப் பொறுப்பே கிடையாது! எரியற விளக்கை அப்படியே விட்டுட்டுப் பூட்டிண்டு போயிருக்கா. துணியும் பேப்பருமா இருக்கற இடம், பத்திண்டிருந்தா என்ன ஆறது?"

நல்லசிவம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடி ஏறினார்.

குத்துவிளக்கில் எண்ணெய் முக்கால்வாசி இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. குனிந்து திரி ஒவ்வொன்றையும் பார்த்தார். கருகிய நுனிகளில் திரிந்த பால் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. எண்ணெய்க்கடியிலும் அதேபோல் துளிகள்.

"எல்லாரையும் வரச் சொல்லு வைரவா. நீ மேலே வர்றதுக்கு முன்னாடி ஆபீஸ் அறைல பெஞ்சுக்குப் பின்னாடி நல்லாத் தேடு."

எல்லோரும் வந்து நின்றார்கள். கீழே கூட்டத்துக்கு ஆட்கள் சேரும் இரைச்சல் கேட்டது.

"படத்தை எடுத்தவர் விளக்குக்கு மேலே எக்கணும்" என்று நல்லசிவம் ஆரம்பித்தார். "வேட்டி பத்திக்கும். அதனால முதல்ல விளக்கை அணைச்சார். அவசரத்துல வர்ற திருடன் என்ன செய்வான்? வாயால ஊதுவான். இவரால முடியல. விளக்கை ஊதி அணைக்கறது பாவம்னு வளர்ந்தவர். சில வீடுகள்ல பூவால ஒத்துவாங்க, சில வீடுகள்ல ஒரு சொட்டுப் பால் விட்டுக் குளிர வைப்பாங்க. இங்கே திரியில பால் இருக்கு."

"சமையல்கட்டுல எல்லாருக்கும்தான் பால் கிடைக்கும்" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"கிடைக்கும். ஆனா வஜீஹா விளக்கை அணைக்காம பூட்டினது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். கதவைத் திறந்தப்போ அது அணைஞ்சிருந்துச்சு. அவங்கதான் அணைச்சாங்கன்னு மத்தவங்க நினைச்சாங்க. எரிய விட்டுட்டுப் போனான்னு நீங்க மட்டும் சொன்னீங்க. பூட்டின கதவுக்குள்ளே எரிஞ்ச விளக்கை எப்போ சார் பார்த்தீங்க?"

படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. வைரவன்தான் வந்தான், படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "பெஞ்சுக்குப் பின்னாடி, பொன்னாடைப் பெட்டி மறைவுல சொருகி வச்சிக்கீறாரு சார்!"

படத்தில், அஸ்திவாரக் குழிக்கு முன்னால் கையில் கொத்தனார் கரணையோடு நடுநாயகமாக நின்றவர் வஜீஹாவின் கொள்ளுத்தாத்தா. கீழே அட்டையில் 'ஸ்தாபகர்' என்று அவர் பெயர் அச்சாகியிருந்தது. ஸ்ரீனிவாசராகவனின் கொள்ளுத்தாத்தா கடைசி வரிசையில், பாதி முகம் மறைந்து நின்றார்.

"இன்னிக்கு ஒரு சாயங்காலம் தாண்டினா திருப்பி மாட்டியிருப்பேன்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "அவளை இப்படிப் படுத்துவான்னு நான் நினைக்கலை."

படுத்தும்போது பக்கத்தில்தானே நின்றிருந்தார்! வைரவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது; நல்லசிவம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

சாருலதா வெட்கிப்போய் போனை எடுத்தாள். "இப்பவே க்ரூப்ல மன்னிப்புப் போட்டுடறேன் வஜீஹா."

"மைக்ல சொல்றதாத்தானே இருந்துச்சு? மைக்லயே சொல்லுங்க" என்றாள் வஜீஹா.

சாருலதா படியிறங்கத் திரும்பினாள். ஸ்ரீனிவாசராகவன் வழிமறித்து நின்றார்.

"படம் கிடைச்சுடுத்துன்னு மட்டும் சொன்னாப் போறாதா? அத்தனை பேர் முன்னாடி என் பேரைச் சொல்லணுமா?"

வஜீஹா அவரை நேராகப் பார்த்தாள்.

"மத்தியானம் என் பேரைச் சொன்னாங்களே மாமா, அப்போ நீங்க இதைக் கேக்கலையே?"

அவர் வழியை விட்டு விலகினார். சாருலதா கீழே இறங்கிப் போனாள்.