நான்காவது மாவிலை

“வீட்டுல எத்தனை பேரு?”

“நாலு” என்றாள் ஜைனப்.

பள்ளிவாசலில் ஓதும் லெப்பை தலையை ஆட்டிவிட்டு, கழுவித் துடைத்த மாவிலைகளை முன்னால் பரப்பினார். குங்குமப்பூ கரைத்த பன்னீரில் குச்சிப் பேனாவைத் தோய்த்து, ஒவ்வொரு இலையிலும் வலமிருந்து இடமாக எழுதினார்.

அன்று ஒடுக்கத்துப் புதன். சஃபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை. இறைவசனம் எழுதிய மாவிலையைத் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டு கடலில் குளிக்க வேண்டும். அப்படிச் செய்தால் கெடுதல் எல்லாம் விலகிப்போகும் என்று சிங்கப்பூர்த் தேக்காவில் அவர்கள் தெருக்காரர்கள் சொல்வார்கள். ஆளுக்கு ஓர் இலை.

இலைகளை வாங்கிக்கொண்டு பாதித் தெரு நடந்த பிறகுதான் ஜைனபுக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

வாப்பா, உம்மா, அவள். மூன்று பேர்தான்.

தம்பி நூர்தீன் போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். அவனுக்கு நான்கு வயது.

திரும்பிப் போய் ஓர் இலையைக் கொடுத்துவிடலாமா? லெப்பை வீட்டு வாசலில் ஒரே கூட்டம். அத்தனை பேருக்கு நடுவே என்ன சொல்வது? தம்பி இல்லாததை மறந்துட்டேன் என்றா? அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால் மூன்று என்றுதான் சொல்லியிருப்பாள். இதை லெப்பைக்கு எப்படி விளங்கவைப்பது?

தூக்கி எறியவும் முடியாது. எழுதியது இறைவசனம் ஆயிற்றே.

ஜைனப் நான்காவது இலையை மட்டும் தனியே எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் மாட்டு வண்டி தயாராக நின்றது. பக்கத்து வீட்டுப் பால்காரர் மருதப்பனின் வண்டி அது. வண்டியில் பூட்டியிருந்த வெள்ளைக் காளைக்கு அவர் ‘தொரை’ என்று பெயர் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், “மனசு வந்தா நடப்பாரு, இல்லாட்டி நிப்பாரு. நாம கேள்வி கேக்க முடியுமா?” என்பார்.

வாப்பா அப்துல் அலீம் ஜைனபைத் தனியே அழைத்தார். அவர் மேல் மசாலா வாசம் வீசியது. சிராங்கூன் சாலையில் அவருக்கு அரைத்த மசாலா விற்கும் கடை.

“இந்தா புள்ள, நல்லாக் கேட்டுக்க. வழியில தம்பி பேச்சை எடுக்கக் கூடாது. உம்மா இன்னிக்குத்தான் வீட்டை விட்டு வெளிய வர்றா. அவ மனசு தாங்காது. மருதப்பன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஜைனப் தலையாட்டினாள். இடுப்பில் இருந்த இலை அனலாகச் சுட்டது போல் இருந்தது.

உம்மா சம்சுன்னிசா வந்து வண்டியில் ஏறினாள். வீட்டில் யார் எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வராதவள் அவள். “தானா மேரா கடற்கரைக்குன்னா வர்றேன்” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது தொலைவு. போன ஒடுக்கத்துப் புதனுக்கும் அவர்கள் அங்கேதான் போனார்கள். வாப்பாவுக்கு வேறு கடற்கரைக்குப் போகத்தான் விருப்பம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. காலாங் பாலத்தைத் தாண்டியதும், சாலை நடுவில் டிராம் தண்டவாளத்தின் மேல் தொரை நின்றுவிட்டது. பின்னால் டிராம் வந்து மணியை அடி அடி என்று அடித்தது.

“ஏய், நகரு லா!” என்று டிராமிலிருந்து யாரோ கத்தினார்கள்.

“கத்தாதீங்கய்யா! தொரை யோசனையில இருக்காரு” என்றார் மருதப்பன்.

ஜைனப் சிரித்துவிட்டாள். உடனே உம்மாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சாலையோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்தோங் வந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மரங்களின் இடைவெளியில் கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தண்ணீரோரம் பெரிய பெரிய பங்களாக்கள் மரத்தூண்களின் மேல் நின்றன.

“பாத்தியா ஜைனபு, அதெல்லாம் சீன முதலாளிங்க வீடு. அதோ பாரு, எவ்வளவு காய்! இந்தக் காத்து உடம்புக்கு ரொம்ப நல்லது, தெரியுமா?” வாப்பா விடாமல் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் இப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். மரத்தைப் பற்றிப் பேசினார், மீனைப் பற்றிப் பேசினார், மழை வருமா வராதா என்று பேசினார். பேசாதது ஒன்றே ஒன்றுதான்.

சிக்லாப்பில் மீனவர்கள் படகுகளைக் கரையேற்றி, வலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். அங்கே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உம்மா இடியாப்பப் பானையைத் திறந்தாள். வாழையிலைத் துண்டுகளை வரிசையாகப் போட்டாள். வாப்பாவுக்கு ஒன்று, மருதப்பனுக்கு ஒன்று, ஜைனபுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அதன் பக்கத்தில் சின்னதாக இன்னும் ஒன்று.

போட்ட வேகத்தில் அந்தச் சின்னத் துண்டை எடுத்துப் பானைக்கு அடியில் ஒளித்துவிட்டாள்.

ஜைனப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். அவளுக்குப் பயம் கூடிவிட்டது. ஒரு வாழையிலைத் துண்டையே உம்மா இப்படி ஒளிக்கிறாள். தம்பிக்காக எழுதிய மாவிலையைப் பார்த்தால் என்ன ஆவாள்?

அப்போது யாரோ இடுப்பைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. திரும்பினால், தொரை! கைக்குட்டையின் முனையைக் கவ்விக்கொண்டிருந்தது.

“சீ! விடு! விடுன்னா!”

“என்ன பாப்பா, தொரையோட சண்டை?” என்றார் மருதப்பன். “அப்படி என்ன வச்சிருக்க உள்ள? வாசம் புடிச்சிட்டாரே!”

“ஒண்ணுமில்ல மாமா.”

காளை தின்றிருந்தால் தொல்லை விட்டிருக்கும். ஆனால் அப்படி நினைத்ததற்கே ஜைனபுக்கு அழுகை வந்தது. கைக்குட்டையை எச்சில் போகத் துடைத்து, இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது தானா மேரா வந்து சேர்ந்தார்கள். கடலோரம் செம்மண் மேடு சுவர் போல் எழுந்து நின்றது. அதற்குக் கீழே மணல். மணலுக்கு அப்பால் கடல். மலாய்க் குடும்பங்கள் பல ஏற்கெனவே குளித்துக்கொண்டிருந்தன. குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைத்துக் கூச்சலிட்டார்கள்.

வாப்பா குடிதண்ணீர் தேடிச் செம்போடு போனார். இதுதான் சமயம் என்று ஜைனப் தண்ணீரோரம் ஓடினாள். யாருக்கும் தெரியாமல் இலையைக் கடலில் கழுவிவிட்டால் போதும், வேலை முடிந்தது. கைக்குட்டையைப் பிரித்தாள். இலை கொஞ்சம் வாடியிருந்தது. மஞ்சள் எழுத்து அப்படியே இருந்தது.

குனிந்தாள். அலை வந்து அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. கை நீளவில்லை. இதைக் கழுவிவிட்டால் அப்புறம் தம்பிக்கென்று ஒன்றுமே மிஞ்சாது என்று தோன்றியது.

இலையை மறுபடி சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். வண்டிக்குப் பின்பக்கமாக அவள் வந்தபோது, முன்பக்கம் உம்மா பேசும் குரல் கேட்டது.

“மருதப்பண்ணே, போன வருஷமும் வண்டியை இங்கதானே நிறுத்துனீங்க?”

“ஆமாங்கம்மா. இதே தென்னைதான்.”

“நூர்தீன் இந்தப் பக்கமாத்தானே ஓடுனான்? துணிகூட இல்லாம?”

மருதப்பன் வாப்பா போன திசையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது... எனக்கு நெனவில்லீங்கம்மா.”

“ஓ” என்றாள் உம்மா. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவள் போல முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜைனப் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருதப்பன் மாமா பொய் சொல்கிறார். எதற்கு என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் உம்மாவுக்குத் தெரியாதே! உம்மா அது உண்மை என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பாள்? வழியெல்லாம் அவள் சாலையோரத்தைப் பார்த்தது, இந்தக் கடற்கரைக்குத்தான் வருவேன் என்றது, எல்லாம் ஜைனபுக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

வாப்பா செம்பும் கிண்ணமுமாக வந்தார். “வாங்க வாங்க, அலை ஏறுது. சீக்கிரம் முடிச்சிருவோம். எங்க அந்த இலையெல்லாம்? ஆ, இங்க இருக்கு. இது உனக்கு, இது உம்மாவுக்கு, இது எனக்கு.”

“இன்னொண்ணு இருக்கு வாப்பா” என்றாள் ஜைனப்.

“இன்னொண்ணா? ஏது?”

அவள் வாப்பாவைப் பார்க்கவில்லை. உம்மாவுக்கு முன்னால் போய் நின்று கைக்குட்டையைப் பிரித்தாள்.

“லெப்பை எத்தனை பேருன்னு கேட்டாங்க. நாலுன்னு சொல்லிட்டேன்.”

“ஜைனபு!” என்று வாப்பா அதட்டினார். “என்ன சொன்னேன் உங்கிட்ட?”

உம்மா கையை நீட்டி அவரைத் தடுத்தாள். இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நாலுன்னா சொன்னே?”

“ஆமா உம்மா. வாயில தானா வந்துடுச்சு.”

“யோசிக்காமலா?”

“யோசிக்காமத்தான்.”

உம்மா அழுதாள். குரல்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஜைனப் பயந்துபோனாள். ஆனால் உம்மா அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“வீட்டுல அவன் பேரை யாருமே சொல்றதில்ல. எல்லாரும் மறந்துட்டீங்க, நான் ஒருத்திதான் அவனை நெனச்சிட்டிருக்கேன்னு இருந்தேன். உனக்கும் தட்டு எடுக்கும்போது கை நாலுக்குப் போகுதா?”

“தெனமும் போகுது உம்மா.”

மருதப்பன் மூக்கை உறிஞ்சினார். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“பாய் மன்னிக்கணும். அம்மா, நான் சொன்னது பொய்! நல்லா நெனவிருக்கு. குளிக்க மாட்டேன்னுட்டு அந்தப் பய அம்மணமா ஓடுனான். பாய் பின்னாலயே ஓடி மணல்ல விழுந்தாரு. வந்து பாத்தா, பய என் தலைத்துண்டைத் தொரை கொம்புல கட்டி வச்சிருக்கான்!”

“துண்டு இல்ல. அது என் முக்காடு” என்றாள் உம்மா, மூக்கைத் துடைத்தபடியே.

“இல்லம்மா, துண்டு. செவப்புக் கரை போட்டது.”

“முக்காடுதாண்ணே. பச்சை. அதுல இன்னும் கிழிசல் இருக்கு.”

“அப்ப என் துண்டு எங்க போச்சு?”

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை நிற்காமலே சிரிப்பும் வந்தது.

இலைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் கழுவினார்கள். நான்காவது இலையை உம்மாவே கழுவினாள். எழுத்துக் கரைந்து தண்ணீர் இளமஞ்சளானது. ஒரு வாய் அவள் குடித்தாள். மிச்சத்தை ஜைனபின் தலையில் ஊற்றினாள்.

“தம்பிக்கு உள்ளதையும் நீயே வாங்கிக்க” என்றாள்.

தண்ணீர் ஜைனபின் கண்ணுக்குள் இறங்கியது. அவளும் அழுதாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவள் அழுதது அன்றுதான். உம்மா பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தாள்.

வாப்பா மட்டும் வெறும் செம்பைக் கையில் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாப்பா மருதப்பனுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜைனபும் உம்மாவும் பின்னால். உம்மா ஜைனபின் ஈரத் தலையை விரலால் சிக்கெடுத்துக்கொண்டே வந்தாள்.

காலையில் ஓயாமல் பேசிய வாப்பா இப்போது வாயே திறக்கவில்லை. பிடோக் கிராமத்தைத் தாண்டியாயிற்று. தோப்பு வந்தது. அப்போது அவர் முதுகு ஒருமுறை அசைந்தது.

“நூர்...” என்றார். தொண்டையைச் செருமினார். “நூர்...”

மருதப்பன் வண்டியை மெதுவாக்கினார்.

“நூர்தீன் ஒண்ணு கேட்டான்” என்றார் வாப்பா, திரும்பாமலே. “போன வருஷம், இந்த எடத்துல. நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டீங்க. என் மடியில இருந்தான். வாப்பா, ராத்திரியில கடலை யாரு மூடி வைப்பாங்கன்னு கேட்டான்.”

உம்மாவின் விரல் நின்றது. “நீங்க என்ன சொன்னீங்க?”

“பேசாமத் தூங்குடான்னுட்டேன்.”

அவர் தோள் குலுங்கியது. உம்மா எழுந்து, ஆடும் வண்டியில் பிடித்துப் பிடித்து முன்னால் போய், அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜைனப் திரும்பிப் பார்த்தாள். தென்னை மரங்களுக்கு நடுவே, இருட்டத் தொடங்கிய வானத்துக்குக் கீழே, கடல் இன்னும் திறந்துதான் கிடந்தது.