பறிக்கலாம், ஆனால் சம்பலிடம் பெயர் சொல்லவும்

கிள்ளானில், தாமான் செம்பாக்கா என்ற குடியிருப்பில், சம்பல் என்று ஒரு நாய் இருந்தது. அது ஒருமுறை குரைத்தால், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குச் சங்கு ஊதும். இரண்டாம் முறை குரைத்தால், தென்னை மரத்தில் இருக்கும் காயெல்லாம் கீழே வந்துவிடும். மூன்றாம் முறை குரைத்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட நாயை ஒரு கொடி அடக்கியது. இரும்புச் சங்கிலி இல்லை, கயிறும் இல்லை. இலையும் பூவுமாக வேலியில் படரும் சாதாரணப் பச்சைக் கொடி.

நம்ப முடியவில்லையா? எதிர்வீட்டுச் சண்முகரத்தினம் அங்கிளும் நம்பவில்லை.

சம்பல், மூலை வீட்டு மார்க்கிரட் ஆன்டியின் நாய். பத்து வயது நிலானி பள்ளி முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குத்தான் வருவாள். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரும்வரை அவளுக்குச் சோறு போடுவது ஆன்டி. அவளோடு விளையாடுவது சம்பல். அவள் வீட்டுப் பாடத்தைச் சில நாள் தின்றுவிடுவதும் சம்பல்தான்.

அந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் நீளமான கம்பி வேலி. வேலியை ஒட்டிப் பாதை. பாசார் என்கிற சந்தைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பாதையில்தான் நடப்பார்கள். அவர்களின் கால் கண்ணில் பட்டால் போதும், சம்பல் தொடங்கிவிடும்.

சண்முகரத்தினம் அங்கிள் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். மதியம் அவர் கண்ணை மூடுவதற்கும் சம்பல் வாயைத் திறப்பதற்கும் எப்போதும் நேரம் சரியாக இருக்கும்.

ஒருநாள் அவர் தலைமுடி கலைந்தபடியே வேலியோரம் வந்து நின்றார்.

“மார்க்கிரட், இனி என்னால முடியாது. தீபாவளி முடிஞ்சதும் சங்கக் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள இந்த நாய் அடங்கணும். இல்லாட்டி வேற எங்கயாவது அனுப்பிடு.”

ஆன்டி சேலைத் தலைப்பைச் சுருட்டினார். “பெந்தோங்ல என் தம்பியோட டுரியான் தோட்டம் இருக்கு. அங்கதான் விடணும்.”

நிலானிக்குச் சோறு இறங்கவில்லை. மேசைக்கு அடியில் சம்பல் அவள் காலில் தலையை வைத்துப் படுத்திருந்தது. பெந்தோங் மலைக்கு அந்தப் பக்கம். பள்ளி முடிந்து அங்கே போய்விட்டு வர முடியாது.

மறுநாள் ஆன்டி துவைத்த போர்வைகளை அந்த வேலிமேல் காயப்போட்டார். அன்று மதியம் முழுவதும் சம்பல் வாயே திறக்கவில்லை. பாதையில் ஆட்கள் போனார்கள், சைக்கிள் போனது, கேஸ் லோரி கூடப் போனது. சம்பல் கொட்டாவி விட்டது.

“ஆன்டி, அதுக்குக் கால் தெரியலை. அதான் குரைக்கலை. வேலியை மூடிட்டா போதும்.”

“மூடலாம். எதை வச்சு? தினம் தினம் போர்வை துவைக்கச் சொல்றியா?”

தகரம் அடிக்கலாமா என்று நிலானி ஓடிப்போய்ச் சண்முகரத்தினம் அங்கிளைக் கேட்டாள்.

“தகரம், கேன்வஸ் எல்லாம் கூடாது. தெருவே அசிங்கமாயிடும். செடி கொடின்னா ஆட்சேபம் இல்ல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “ஆனா ஒண்ணு. கொடி வச்சு நாய் அடங்கினதா உலகத்துல சரித்திரமே இல்ல. அப்படி நடந்தா கூட்டத்துல நானே எழுந்து நின்னு சொல்றேன்.”

“நிச்சயமா, அங்கிள்?”

“முப்பது வருஷம் அரசாங்கத்துல இருந்தவன் வாக்கு மாற மாட்டான்.”

அந்தச் சனிக்கிழமையே ஆன்டியின் பழைய காரில் இருவரும் சுங்கை பூலோவுக்குப் புறப்பட்டார்கள். அங்கே சாலையோரம் முழுவதும் நாற்றுப் பண்ணைகள்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. அந்த வழியாகப் போகும் வெள்ளைக் கார் கூட வீடு சேர்வதற்குள் லேசாகப் பச்சை ஆகிவிடும்.

ஒரு பண்ணையில் கன்னையா அண்ணே குழாயோடு நின்றார். நிலானி விஷயத்தைச் சொன்னாள். சீக்கிரம் வளரணும். வருஷம் முழுக்க இலை இருக்கணும். நாய்க்கு ஒன்றும் ஆகக் கூடாது.

“நம்ம ஊர்ல பனியா பெய்யுது, இலை கொட்ட? எல்லாமே பச்சைதான்லா,” என்றார் ஆன்டி.

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. பாகல் வைங்க, காய்ச்சு முடிஞ்சதும் காஞ்சிடும். வேலியில நார்தான் தொங்கும்,” என்றார் கன்னையா அண்ணே. “இந்தக் காகிதப்பூ பாருங்க. எப்பவும் பச்சை.”

“முள் இருக்கே. சம்பல் மூக்கை வச்சுத்தான் எல்லாத்தையும் படிக்கும்,” என்றாள் நிலானி.

“மஞ்சள் அலமண்டா?”

“கடிச்சா?”

“பால் வரும். வயித்துக்கு ஆகாது.”

“மணி பிளான்ட்?”

“அதையும் கடிச்சா?”

“வாய் எரியும். ஏன் பாப்பா, உங்க நாய்க்குச் சோறே போடறதில்லையா?”

“போடறோம். சோறு தின்னுட்டுத்தான் செருப்பு தின்னும்.”

கன்னையா அண்ணே சிரித்தபடி ஒரு தொட்டியைக் காட்டினார். சுவரில் ஒட்டிப் படரும் குட்டி இலைக் கொடி. அழகாகத்தான் இருந்தது.

ஆன்டி உதட்டைப் பிதுக்கினார். “சட்டியில போட முடியாது, பூப்பறிச்சு வைக்கவும் முடியாது. இதுக்கு எதுக்கு நான் தண்ணி ஊத்தணும்?”

நம்மவர்களுக்கு இது ஒரு குணம். வேலியாக இருந்தாலும் அது குழம்புக்கு ஆகணும்.

நிலானியின் கண் பண்ணையின் பின்வேலிக்குப் போனது. கம்பியே தெரியாமல் ஒரு கொடி மூடிக் கிடந்தது. வெள்ளைப் பூ, சிவந்த பழம், அடர்த்தியாக இலை.

“அது என்ன கொடி, அண்ணே?”

“அதுவா? கோவை. நான் வைக்கலை, தானா வந்துச்சு. நட்டுட்டு உடனே தள்ளி நில்லு பாப்பா, இல்லாட்டி உன் மேலயும் ஏறிடும்.”

இலையும் தின்னலாம், காயும் தின்னலாம் என்றதும் ஆன்டியின் முகம் மலர்ந்தது. கன்னையா அண்ணே ஒரு கட்டுத் தண்டை வெட்டிச் சும்மாவே கொடுத்தார். ஆன்டி ஆசைப்பட்டு நீலச் சங்குப்பூ நாற்றும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். திங்கட்கிழமை நட்ட தண்டு செவ்வாய்க்கிழமை கம்பியைப் பிடித்தது. மழை பெய்யும் ஒவ்வொரு மாலையும் அது வளரும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவர்கள், திரும்பி வந்து சைக்கிளைத் தேடினார்கள். தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்கும் காலம் வந்தபோது வேலி முழுவதும் பச்சைச் சுவர். அதில் நீல நீலமாகச் சங்குப்பூ.

தெருவில் அமைதி. சண்முகரத்தினம் அங்கிள் மதியம் விட்ட குறட்டைதான் இப்போது கப்பலுக்குக் கேட்டது.

நிலானி பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் சம்பலைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது.

வேலியில் ஓர் ஓட்டை விழுந்தது. மறுநாள் இன்னொன்று. கோயிலுக்குப் போகும் இராஜம்மா ஆன்டி சங்குப்பூ பறித்தார். பூவோடு கொடியும் வந்தது. சுலைகா ஆன்டி அந்தப் பூவைப் போட்டு நீலச் சோறு பொங்க ஒரு கிண்ணம் பறித்தார். மாரியாயி அக்கா கோவைக்காய் பறித்தார். இலைக்கு ஒருவர், காய்க்கு ஒருவர். மார்க்கிரட் ஆன்டிக்கு இருந்த அதே குணம் தெரு முழுவதற்கும் இருந்தது.

ஓட்டையெல்லாம் சம்பலின் கண் உயரத்துக்குச் சரியாக அமைந்தது. அது ஓர் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தது. கால்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த குரைப்பு எல்லாம் வெளியே வந்தது.

“கேக்குதா, நிலானி?” என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அங்கிள் குரல் வந்தது. “நான் அப்பவே சொன்னேன்.”

நிலானி அட்டையில் ‘பறிக்காதீர்கள்’ என்று எழுதிக் கட்டினாள். எல்லாரும் அதை நின்று படித்தார்கள். எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பிறகு பறித்தார்கள்.

“ரெண்டே ரெண்டுதான்மா,” என்றார் இராஜம்மா ஆன்டி. எல்லாரும் ரெண்டே ரெண்டுதான் பறித்தார்கள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையிலேயே வந்துவிட்ட நிலானி வேலிக்கு உட்புறம் சம்பலோடு உட்கார்ந்து யோசித்தாள். இராஜம்மா ஆன்டி வந்தார், சம்பல் குரைத்தது. சுலைகா ஆன்டி வந்தார், குரைத்தது. மாரியாயி அக்கா வந்தார். சம்பல் வாலை ஆட்டியது.

“என்ன சம்பல், பசியாறியாச்சா? நான்தான் மாரியாயி,” என்றபடியே அவர் காய் பறித்தார். தினமும் அப்படித்தான் பேசுவாராம்.

நிலானி துள்ளி எழுந்தாள். சம்பல் காலைப் பார்த்துக் குரைக்கவில்லை. தெரியாத காலைப் பார்த்துத்தான் குரைக்கிறது.

அவள் பழைய அட்டையைக் கழற்றினாள். புதிதாக எழுதிக் கட்டினாள்.

‘பறிக்கலாம். ஆனால் முதலில் சம்பலிடம் பெயர் சொல்லவும்.’

முதல் நாள் தெருவே சிரித்தது. இரண்டாம் நாள் தெருவே சொன்னது.

“சம்பல், நான் சுலைகா. எட்டிதான் நிக்கிறேன், நீயும் எட்டியே நில்லு, சரியா?”

“இராஜம்மா வந்திருக்கேன்பா. ரெண்டே ரெண்டு பூ.”

“சம்பல் போஸ், நான் கேஸ் ஆளு. எனக்குப் பூவெல்லாம் வேணாம், சும்மா சொல்லிட்டுப் போறேன்.”

சம்பல் ஓட்டையில் மூக்கை வைத்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பதிவு செய்துகொண்டது. தீபாவளி வருவதற்குள் அதற்குத் தெரியாத ஆள் கிள்ளானிலேயே இல்லை.

ஒரே ஒருவரைத் தவிர.

“நாய்கிட்ட நான் பேர் சொல்லணுமா?” என்றார் சண்முகரத்தினம் அங்கிள். அவர் பாதையில் நடந்தால் மட்டும் சம்பல் குரைத்தது. கூட்டத்தில் பேசப்போவதும் அவர்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை. நிலானி உள்ளே நின்று கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். இலைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஓட்டை வழியாகப் பார்த்தாள். சண்முகரத்தினம் அங்கிள், கையில் ஒரு பை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. மெல்லக் குனிந்தார்.

சம்பல் வாயைத் திறந்தது.

“பொறு, பொறு,” என்று அங்கிள் தாழ்ந்த குரலில் சொன்னார். “நான் சண்முகரத்தினம். எதிர் வீடு. பென்ஷன்காரன். சோத்துக்குக் கோவை இலை வறைன்னா எனக்கு உசிரு. வீட்டுல தேங்காய்கூடத் துருவி வச்சாச்சு.”

சம்பல் திறந்த வாயை மூடியது. அங்கிளின் விரலை முகர்ந்து பார்த்து ஒரு நக்கு நக்கியது.

நிலானி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சிரிப்பு காது வழியாக வெளியே வந்துவிடும் போலிருந்தது. வெளியே ஓடிப்போய்க் கத்தியிருந்தால் தெரு முழுவதும் கூடியிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. தளிர் இலையாகப் பார்த்து இரண்டு கை நிறையப் பறித்தாள். ஓட்டை வழியாக நீட்டினாள்.

இலைக்கு அந்தப் பக்கம் பை திறக்கும் சத்தம் கேட்டது.

“தளிர்தான் வறைக்கு நல்லது,” என்றது அங்கிளின் குரல்.

“தெரியும், அங்கிள்,” என்றாள் நிலானி.

மறுநாள் மண்டபத்தில் இருக்கை எல்லாம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் நிலானி ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாய் விஷயம் வந்தபோது, அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த யூனுஸ் என்பவர் கேட்டார். “ஒரு கொடி போய் நாயை அடக்குச்சா? யார்கிட்டலா கதை விடுறீங்க?”

சண்முகரத்தினம் அங்கிள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். ஆன்டி நிலானியின் விரல்களை நசுக்கியே விட்டார்.

“நாய் இங்கேயே இருக்கட்டும்,” என்றார் அங்கிள். “நடந்தது உண்மைதான். நானே என் பேரைச் சொன்னேன், அது குரைக்கலை.”