ஒரு தட்டு

படகு வாங்க வந்தவர் தங்கமான மனிதர். பனி மூடிய காலையில் படகுத்துறையில் நின்று, "செருப்பக் கழட்டணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

கரையோரமாகவே ஊர் ஊராகப் போய்வர ஏற்ற சின்னப் படகு. வெளியே மீன்பிடி டிராலர் போன்ற உடம்பு, உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு. ஓய்வுபெற்றதும் அவள் கணவர் ஆசை ஆசையாக வாங்கியது. இரண்டு வருடமாகக் கட்டிய கயிற்றோடு கிடக்கிறது. விற்றுத் தொலைத்தால்தான் தூக்கம் வரும் என்றிருந்தாள்.

"எஞ்சினப் பாத்துடலாம்மா. நான் கீழ இறங்குறேன். ஒரு தட்டு தட்டினா பொறுங்க. ரெண்டு தட்டினா சாவியத் திருப்புங்க."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். பலகை மூடிய எஞ்சின் அறையிலிருந்து கத்தினால் மேலே கேட்காது. அதனால் அவள் கணவரும் அப்படித்தான் தட்டுவார். அன்று அவர் தட்டியது ஒன்றே ஒன்று. பிறகு கைநழுவிய ஸ்பேனர் இரும்பில் விழுந்தது. அதை இரண்டாவது தட்டு என்று நினைத்துச் சாவியைத் திருப்பிவிட்டாள். பெல்ட் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

ஊரே விதி என்றது. திருப்பிய விரல் அவளுடையது அல்லவா?

சுக்கானுக்கு எதிரே உட்கார்ந்தாள். டீசல் நாற்றத்தின் நடுவே, கணவர் எப்போதும் வாயில் அடக்கிவந்த இருமல் மிட்டாயின் வாசனை.

டொக்.

சாவியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அடுத்த தட்டு வரவில்லை.

"அம்மா!"

குரல் வெளியிலிருந்து வந்தது. வாங்க வந்தவர் துறையில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். "டார்ச்ச கார்லயே விட்டுட்டேன். எடுக்கப் போயிருந்தேன். இனிமேதான் கீழ இறங்கணும்."

கீழே யாரோ தட்டியதைச் சொன்னாள்.

இருவருமாகப் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே யாரும் இல்லை. எஞ்சின்மேல் படிந்த தூசி கலையாமல் இருந்தது.

"தட்டற சத்தம் கேட்டுச்சா? எலியா இருக்கும்மா," என்று சிரித்தபடி பலகையை மூடினார்.

டொக்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த பலகைதான் அதிர்ந்தது. மனிதர் முகம் வெளுத்துப்போனது. படகிலிருந்து இறங்கியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவள் தரையில் மண்டியிட்டாள். இரண்டு வருடமாக அடக்கிய அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாந்தாங்க அவசரப்பட்டுட்டேன். கோவமா என்மேல?"

பலகையை உள்ளங்கையால் தடவினாள்.

"தனியா இருக்க முடியலங்க. நானும் உங்ககிட்டயே வந்துடட்டுமா?"

டொக்.

ஒரே தட்டு. பொறு.

அன்று பொறுக்காத பாவி, பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டு தப்பாமல் காதில் விழவேண்டும் என்று மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.