விழுகிணறும் ஒட்டியாணமும்

காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் இருபது மாடி உயரத்திலிருந்து குதிப்பது கானிமீட் நகரில் வழக்கம். குதித்துக்கொண்டே கடைசி வாய்த் தோசையை மென்று முடிப்பவர்களும் உண்டு.

வியாழனின் அந்த நிலவில், பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது நகரம். ஏறப் படிக்கட்டு, இறங்க விழுகிணறு. கிணற்றுச் சுவர் நெடுகக் காந்தங்கள். குதிப்பவர் இடுப்பில் செப்புக் கச்சை. காந்தப்புலத்தைக் கடக்கும் செம்பில் மின்சாரம் சுழலும். அந்த மின்சாரமே தானும் ஒரு காந்தமாகி, விழுவதை எதிர்த்துப் பிடிக்கும். வேகம் கூடினால் பிடியும் இறுகும். மோட்டார் இல்லை, கயிறு இல்லை. கச்சை இல்லாவிட்டால்? ஈர்ப்பு குறைவுதான் என்றாலும், இருபது மாடி இருபது மாடிதான்.

நப்பின்னைக்கு அன்று கல்யாணம். மண்டபம் கிணற்றின் அடியில்.

"பொட்டுத் தங்கம் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்ல? மாப்பிள்ளை வீட்டுலயே ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க."

"வேண்டாங்கிறது அவங்க பெருமை. போடுறது நம்ம மரியாதை" என்று அம்மா வசந்தகோகிலம் கனத்த ஒட்டியாணத்தை நீட்டினாள். "இது ஒண்ணே ஒண்ணுடி. ஊரு என்ன பேசும்?"

ஒட்டியாணம் ஏற வேண்டுமானால் கச்சை இறங்க வேண்டும். நப்பின்னை அதைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். முகூர்த்தம் நெருங்குகிறது என்று கீழிருந்து அழைத்தார்கள். ஓடினாள், குதித்தாள்.

சில மாடிகள் தாண்டிய பிறகுதான் நாற்காலி நினைவுக்கு வந்தது.

சுவர்க் காந்தங்கள் கோடுகளாக மேலே பாய்ந்தன. அப்போது இடுப்பை ஏதோ பற்றியது. தண்ணீரில் இறங்கியதுபோல் காற்று கனத்தது. கோடுகள் தேய்ந்து தனித்தனிக் காந்தங்களாயின. புடவைத் தலைப்பு விரிந்து தலைக்கு மேல் மிதந்தது. பட்டுப் புடவையையும் மீறி ஒட்டியாணம் சுட்டது. தங்கமும் மின்கடத்திதானே! பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு விதி இப்போது தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்ற வியப்பில் அவள் பயத்தையே மறந்தாள்.

தரை வந்தபோது முழங்கால் மட்டும் மடிந்தது. நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"கச்சை எங்க?" என்று ஓடி வந்தான் மாப்பிள்ளை இளவழுதி.

"மேல. நாற்காலில."

மாமியார் அம்சவேணி ஒட்டியாணத்தைத் தொட்டு, சூட்டில் விரலை இழுத்துக்கொண்டாள். "உசிரக் காப்பாத்திடுச்சே, தாயே!" கண் கலங்கி மருமகளை அணைத்தாள்.

பதறிக் கீழிறங்கிய வசந்தகோகிலத்தை, அம்சவேணி கிணற்றடியிலேயே ஓரமாக நிறுத்தினாள்.

"சம்பந்தி, வரதட்சணையெல்லாம் அந்தக் காலம். நாங்க எதுவும் கேக்கல. ஆனா எங்க பையனும் தெனம் இதே கிணத்துலதானே குதிக்கிறான்? அவனுக்கும் ஒண்ணு... பாதுகாப்புக்குத்தான்."

"அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்றாள் வசந்தகோகிலம்.

இருவருக்கும் பின்னால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நகராட்சி இலவசமாக மாட்டி வைத்திருந்த செப்புக் கச்சைகள் வரிசையாகத் தொங்கின.