கதை மட்டும்

டிவி திரையின் மூலையில் ‘கொடூரம்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. ரெய்னோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அதேதான்.

அவன் மனைவி மார்லிஸ் ஒருநாளும் அந்த அளவைத் தொட்டவள் இல்லை. அந்த வீடியோ விளையாட்டில் கடின அளவு நான்கு உண்டு. அவள் எப்போதும் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த ‘கதை மட்டும்’ என்பதையே வைத்திருப்பாள். அதில் ஓநாய்கள் உறுமும், கடிக்காது. புற்றுநோய்க்கு ஏற்றிய கீமோ மருந்து அவள் விரல் நுனிகளின் உணர்வைக் கொண்டுபோயிருந்தது. சட்டைப் பித்தான் போடவே திணறியவள், தன்னைப் போலக் குட்டையாக, தன்னுடையதைப் போன்றே பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணை அந்த விளையாட்டுக்குள் உருவாக்கி, பனிக்காட்டில் மெல்ல நடக்கவிட்டுக்கொண்டிருப்பாள்.

“ஓநாய் வாலாட்டிட்டுப் போகுது. இதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்பான் ரெய்னோ.

“நீ போய் உன் ஆட்டத்துல நூறு தடவை செத்துட்டு வா. நான் இங்க மரம் பாத்துட்டிருக்கேன்.”

அவள் இறந்து ஆறு வாரமாகியிருந்தது. ஜனவரி மதியம். டுலூத் நகரில் முந்தின நாள் விழுந்த பனி முழங்கால் அளவு கிடந்தது. வாசலில் வழி வெட்டிவிட்டு, ஈரக் காலுறையோடு கீழ்த்தள அறைக்கு இறங்கி வந்தவன், அவள் பார்த்துக்கொண்டிருந்த காட்டைத் தானும் ஒருமுறை பார்க்கலாம் என்றுதான் அதைப் போட்டான். அவள் கடைசியாக விளையாடியது அக்டோபரில்.

‘கடைசியாகச் சேமித்தது: இன்று, பிற்பகல் 1:40’ என்றது திரை.

ஒன்று நாற்பதுக்கு அவன் வெளியே பனி அள்ளிக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கடிகாரம் ஏதோ குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டத்தைத் திறந்தான். பச்சைக் கோட்டுப் பெண் ஒரு குடிசைக்குள் அணைந்துபோன அடுப்பின் முன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோட்டின் இடது கை கிழிந்து தொங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே ‘இறப்புகள்: 41’ என்றிருந்தது. மார்லிஸ் ஆடியவரைக்கும் அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. அதைக் காட்டி அவனிடம் பீற்றிக்கொள்வாள்.

அவன் அளவுப் பட்டியலைத் திறந்து ‘கதை மட்டும்’ என்று மாற்றினான். அடுப்பில் தீ எரியத் தொடங்கியது. அந்தப் பெண் கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தாள். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, டிவியை அணைத்து மேலே போனான்.

மாலை, மார்லிஸின் தங்கை டோரீனுக்குப் போன் செய்தான்.

“உன் பையன் மார்லிஸோட கணக்குல விளையாடுறானா?”

“அவன்கிட்ட அந்தப் பாஸ்வேர்டே கிடையாது. என்னாச்சு ரெய்னோ? ஒழுங்கா சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேன்.”

“பொய் சொல்லாதே. சர்ச்சுல இருந்து கொண்டுவந்த சாப்பாடு எல்லாம் வாசல்லயே உறைஞ்சு கிடக்குதாம். எதிர்வீட்டுக்காரி சொன்னா.”

டோரீன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“இதை உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்,” என்றாள். “கடைசியில மார்லிஸ் வீட்டுக்குப் போகணும்னுதான் கேட்டா. நான், ரெய்னோகிட்ட சொல்லுடின்னேன். ‘அவன் தாங்க மாட்டான் டோரி, விடு’ன்னா.”

போனை வைத்த பிறகும் அவன் அதே இடத்தில் நின்றான். புற்றுநோய் டாக்டரின் அறை அவனுக்கு நினைவிருந்தது. வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பது ஒரு வழி. இன்னும் கடுமையான மருந்தை ஒரு சுற்று ஏற்றிப் பார்ப்பது இன்னொரு வழி என்று டாக்டர் சொன்னபோது, ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த மார்லிஸ் திரும்பி, எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ரெய்னோ, “நாங்க போராடுவோம் டாக்டர்,” என்றுவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதன்பின் வார்டில் பத்தொன்பது நாள். வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை.

மறுநாள் நான்கரை மணிக்கு, வெளிச்சம் நீலமாகிப் பனிமேல் படிந்துகொண்டிருந்த நேரத்தில், சமையலறையில் நின்ற ரெய்னோவுக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வெந்நீர்க் குழாய் அதிர்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அது விட்டுவிட்டு வந்தது. மரத்தின்மேல் ஏதோ துடித்து, நின்று, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி துடிக்கிற சத்தம். ஆட்டத்தில் யாராவது அடிபட்டால் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் அப்படித்தான் அதிரும்.

படியில் இறங்க இறங்க வாசனை வந்தது. சோப்பும் ஸ்பிரிட்டும், அவற்றின் அடியில் வாய்ப்புண்ணுக்கு வார்டில் கொடுத்த மருந்தின் ஆரஞ்சு மணமும். அந்த மருந்துப் புட்டி எதையும் அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் கன்ட்ரோலர் தானாக அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்திருந்தது. அதன் இரண்டு குமிழ்களும் அசைந்தன. மெல்ல. மரத்துப்போன விரல்கள் தடவித் தடவித் தள்ளுவதுபோல.

திரையில் அதே காடு. ஓநாய்கள் இப்போது வாலாட்டவில்லை. அந்தப் பெண் விழுந்தாள். எழுந்தாள். மேலே பாய்ந்தன. விழுந்தாள். ‘இறப்புகள்: 388’. பச்சைக் கோட்டைக் காணோம். முதுகுப்பக்கம் நாடா கட்டிய மெல்லிய ஆஸ்பத்திரி அங்கி. தலையில் முடி இல்லை. மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை.

ரெய்னோ கன்ட்ரோலரைப் பாய்ந்து எடுத்தான். சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது.

அளவுப் பட்டியலைத் திறந்தான். ‘கதை மட்டும்’ மங்கிக் கிடந்தது. அழுத்தினான். நகரவில்லை. ‘சுலபம்’. நகரவில்லை. கீழே ஒரு வரி வந்தது.

‘இந்த அளவு உங்களால் தீர்மானிக்கப்பட்டது. இனி மாற்ற இயலாது.’

“இல்லை,” என்றான். “இல்லை, இல்லை. எனக்குத் தெரியாது மார்லி. நீ சொல்லவே இல்லையே.”

‘விலகு’. மங்கல். ‘அணை’. மங்கல். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணையவில்லை.

அவள் திரும்பினாள். அந்த ஆட்டத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்கவே முடியாது. எப்போதும் முதுகுதான் தெரியும். இப்போது முகம் தெரிந்தது. வெடித்த உதடுகள். அவனைத் தேடும் கண்கள். கன்ட்ரோலருக்குள் இருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது.

“ரெய்னோ. போதும்டா.”

கோபமே இல்லாத குரல். அவனைத் தேற்றுகிற குரல்.

அவன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விலக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து சுவரோடு உட்கார்ந்தான். “சரி,” என்றான். “சரிம்மா. போதும். நீ படுத்துக்கோ.”

அவள் பனியில் ஒருக்களித்துப் படுத்தாள். ஓநாய்கள் வந்தன. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளைத் தனியாக விடக்கூடாது என்று பார்த்துக்கொண்டேயிருந்தான். முடிந்தது. மிருகங்கள் ஒதுங்கின. பனி பொழிந்து அவள் கன்னத்தை மூடியது, பிறகு கண்களை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எந்தச் சத்தமும் இல்லை. ரெய்னோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை.

பனி அசைந்தது.

அவள் எழவில்லை. எழுப்பப்பட்டாள். கழுத்தின் பின்புறத்தை யாரோ பிடித்துத் தூக்குவதுபோல் முதலில் தலை மட்டும் மேலே வந்தது, பின்னால் தோள்கள், பின்னால் கைகள், துவண்டு. கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்து தொங்கியது. பாதங்கள் தரையைத் தொடவில்லை. அப்படியே நிமிர்த்தி நிறுத்தி, முகத்தை முன்பக்கமாகத் திருப்பிவைத்தது எதுவோ. திரையின் மூலையில் ‘கொடூரம்’ இன்னும் சிவப்பாகவே இருந்தது.

ஓநாய்கள் வட்டமாக உட்கார்ந்து, அவளை நேராக நிறுத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தன.