பின்சீட்டின் பாரம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் தங்கங்களே. மழை விடுகிறவரைக்கும் ஒரு கதை சொல்கிறேன். நடுவில் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானும் இங்கேதான் இருக்கிறேன்.

முதலில் கேட்டது ஒரு சின்னச் சத்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இசக்கிமுத்து என்று ஒருவர், பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு புதன்கிழமை காலையில் தன் காரைத் தனியாக எடுத்தபோது டிங், டிங் என்று அடிக்கத் தொடங்கியது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்பதற்கான மணி அது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

பதினேழு வயதுக் கறுப்பு செடான் அது. ஒரு மில் முதலாளி கழித்துப்போட்டதை மனைவி பொன்மணிக்காகத்தான் வாங்கியிருந்தார். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் நிற்கிற தெம்பு அவளுக்கு இல்லை. இந்த வண்டி நீளமானது. பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம்.

"ஏலே ஜோயல், ஆளில்லாத சீட்டுக்குப் பெல்ட் போடச் சொல்லுதுலே இது" என்று செட்டியார்பட்டியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார்.

"சீட்டுக்கு அடியில சென்சார் போயிருக்கும் அண்ணாச்சி. பெரிய வண்டி, வயசாயிருச்சுன்னா மாமியா மாதிரி. காரணமே இல்லாம எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கும்."

ஜோயல் வயரைப் பிடுங்கினான். மணி நின்றது.

அடுத்த வாரம் வண்டியின் பின்பக்கம் இறங்கியது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு கரகரவென்று உரசியது. ஜோயல் பின் ஸ்பிரிங்கை மாற்றினான், ஷாக் அப்சர்பரை மாற்றினான், பதினாலாயிரம் ஆனது. மூன்றாம் நாளே மறுபடி இறங்கிவிட்டது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியது ஏழுக்கு வந்தது. ஏசியைப் போட்டால் வாடிய மாலையும் ஈரத்துணியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. பில்டரை மாற்றினார்கள், வாடை போகவில்லை. என்ஜின் கொதித்தது; ரேடியேட்டரை மாற்றியும் சூடு குறையவில்லை. பொன்மணியின் வளையல்கள் ஒன்று ஒன்றாக அடகுக் கடைக்குப் போயின. காட்டிலும் பனியிலும் லாரியைப் பிரித்துப் பூட்டிய மனிதருக்கு, வாசலில் நிற்கும் ஒரு கார் பிடிபடாமல் போனது பெரிய அவமானமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில்கூட அவர் வண்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"டிக்கியில என்ன அண்ணாச்சி, சிமெண்டு மூட்டையா ஏத்துதீய?" என்றான் ஜோயல்.

டிக்கியைத் திறந்து காட்டினார். ஒரு தண்ணீர்க் கேனும் துடைக்கிற துணியும் கிடந்தன. ஜோயல் பின்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தான். அது அசையவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவ பாப்போம் அண்ணாச்சி" என்றான். அன்றைக்கு அவன் காசு வாங்கவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சிகிச்சை முடிந்து நாலரை மணிக்குப் பொன்மணியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் ஏற்றினார். மழை பிடித்திருந்தது. மேற்கே மலை தெரியவில்லை; மலை இருந்த இடத்தில் கறுத்த மேகம் நின்றது. மில்களைத் தாண்டி மாந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில் அவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் சீட்டின் ஓரத்தில், கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, காலை நீட்டிப் படேன்."

"எடம் எங்க இருக்கு?" என்றாள் பொன்மணி, கண்ணைத் திறக்காமலே.

களைப்பில் உளறுகிறாள் என்று நினைத்தார். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிகளில் உட்புறமாகப் புகை படிந்தது, துடைக்கத் துடைக்கப் படிந்தது. இரண்டு பேர் மூச்சுக்கு இம்புட்டுப் படியுமா என்று எரிச்சலோடு துணியால் தேய்த்தபோதுதான், பெல்ட் மணி முதன்முதலாக அடித்த அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் எங்கே போயிருந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

சேத்தூரில் ஒரு சாவு. துஷ்டி வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்லக்கூடாது. புறப்படும்போது 'போயிட்டு வாரேன்' என்றும் சொல்லக்கூடாது. அது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் புதிதாக வந்த பெரிய வண்டி, பார்க்கிற சொந்தபந்தம், பஸ்ஸுக்கு நின்ற கூட்டம். அந்த வீட்டு வாசலிலேயே வண்டியின் மூன்று கதவையும் அகலத் திறந்து, "எடம் கெடக்கு, வாங்க, ஏறுங்க. வீட்டுல கொண்டு விட்டுருதேன்" என்று பொதுவாகக் கூப்பிட்டுவிட்டார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒருவரும் ஏறவில்லை. செத்த நேரம் பார்த்துவிட்டு, அவரே சுற்றிப் போய் மூன்று கதவையும் சாத்தினார்.

வீட்டில் கொண்டு விடுகிறேன் என்று சொன்னோமே. யார் வீட்டில்?

என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. என்ஜின் இருமியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. போனில் சிக்னல் இல்லை. மழையின் சத்தத்துக்கு அடியில் மூச்சுச் சத்தம் கேட்டது. அவருடையது ஒன்று. பொன்மணியுடையது ஒன்று, இழுத்து இழுத்து. அதற்கு மேலும் இருந்தன.

"நெருக்குதாங்க" என்றாள் அவள். "மூச்சு முட்டுது. என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவள் கன்னம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. தோள் ஒடுங்கியிருந்தது. அவள் பக்கத்தில் சீட் காலியாக இருந்தது. காலியான தோல் உறை, இரண்டு இடத்தில் குழிந்திருந்தது.

பயமா, கோபமா, அவருக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்கை அறைந்தார். ஸ்பிரிங், ரேடியேட்டர், பெட்ரோல், வளையல், எல்லாம் சேர்ந்து ஒரே கத்தலாக வந்தது.

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க. இனிமே யாரையும் சுமக்க என்னால முடியாது."

மழை.

பக்கத்து சீட் மெல்ல எழும்பியது. ஒன்று.

பின்னால் ஸ்பிரிங் முனகியது. வண்டி கொஞ்சம் உயர்ந்தது. இரண்டு.

மறுபடி முனகியது. மூன்று.

அவர் மூச்சு விட்டார். கண்ணாடியில் புகை கலைந்துகொண்டிருந்தது. சாவியில் கை வைத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், பொன்மணி இருந்த ஓரத்தில், ஸ்பிரிங் இன்னொரு முறை முனகியது.

நான்கு.

கதவு எதுவும் திறக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது, புது வண்டி போல, சத்தமே இல்லாமல். முள் கீழே இறங்கியது. வாடை இல்லை. வேகத்தடை வந்தது, ஏறி இறங்கியதே தெரியவில்லை.

"இப்பம்தான் வண்டி நல்லா ஓடுது" என்றது பின்னாலிருந்து பொன்மணியின் குரல்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சீட்டின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவரையே பார்த்துக்கொண்டு. இழுப்பு இல்லை. களைப்பும் இல்லை. அவளுக்கு அடியில் இருந்த தோல் சீட் ஒரு மடிப்புக்கூட இல்லாமல், யாருமே உட்காராதது போல, தட்டையாக இருந்தது.

மழை விட்டுவிட்டது, என் செல்லங்களே, வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் இரவு படுத்த பாய்களிலும் தலையணைகளிலும் விடிந்து பார்க்கும்போது அவரவர் குழி அப்படியே பதிந்து கிடக்கட்டும். நூறு வருஷத்துக்கு ஒன்றுகூடக் குறையாமல் கிடக்கட்டும்.