எண்ணெய் போட்ட பிரேக்

"இன்னும் அஞ்சே நிமிஷம்," என்றார் மாமா.

மாமாவின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று மிளகுக்கு நன்றாகத் தெரியும். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு அஞ்சு நிமிஷம் தொடங்கியது. அது இன்னும் முடிந்தபாடில்லை.

மிளகு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னது, பேச்சில் காரம் ஜாஸ்தி என்று மாமா வைத்தது. மாமாவுக்குக் கப்பலில் வேலை. ஒரு தடவை கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல மாதம் ஆகும். அதுவரை அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்குக் கீழே உறைக்குள் தூங்கும்.

"வந்ததும் முதல் ஆளா உன்னைத்தான் ஏத்திட்டுப் போவேன்," என்று சொல்லிவிட்டுத்தான் இந்தத் தடவை கப்பல் ஏறியிருந்தார். மிளகு அதை வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டாள். எதிர்வீட்டுத் தோழி குண்டூசி (அதுவும் பட்டப்பெயர்தான்), டாட்டா காட்டுவதற்கென்றே கேட் பக்கத்தில் வந்து நின்றாள். நின்று நின்று கால் வலித்து, இப்போது உட்கார்ந்துவிட்டாள்.

பேட்டரிக்கு நேற்றே உயிர் வந்துவிட்டது. டயர்களுக்குக் காற்றும் அடித்தாயிற்று. காலையில் முன்விளக்கைத் துடைக்கக் குனிந்த மாமாதான் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்து, "ஐயையோ!" என்று அலறினார்.

சக்கரத்துக்குள் தட்டு மாதிரி வட்டமாக ஓர் இரும்பு. செங்கல் நிறத்தில் இருந்தது.

"இதுதான் பிரேக் டிஸ்க். பிரேக்கை மிதிச்சா ரெண்டு பக்கமும் கட்டை வந்து இதைக் கவ்விப் பிடிக்கும், வண்டி நிக்கும். நான் போறப்போ பளபளன்னு இருந்துச்சு மிளகு! இப்ப இதோட முகத்தைப் பாரு!"

மாடி ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. "ஓட்டாம மூடி வெச்சா துருப்பிடிக்காம பூவா பூக்கும்? ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுடா."

"அக்கா, நீ உள்ள போ. துருவைப் பத்தி எனக்கா சொல்ற? நடுக்கடல்ல உப்புக் காத்துல வேலை பாக்குறவன் நான்."

அம்மா ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

மாமா ஒரு டப்பாவையும் கந்தல் துணியையும் எடுத்து வந்தார். "கப்பல்ல சங்கிலி, தாழ்ப்பாள், திருகாணின்னு எது துருப்பிடிச்சாலும் ஒரே மருந்துதான்."

"என்ன மருந்து?"

"எண்ணெய்!"

முதல் சக்கரத்துக்கு எண்ணெய் பூசியாயிற்று. செங்கல் நிறம் மறைந்து டிஸ்க் கறுப்பாக மின்னியது. மாமா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

மிளகுக்குத் தன் சைக்கிள் ஞாபகம் வந்தது. போன விடுமுறையில் அவளும் இப்படித்தான் செய்தாள். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்ட கையோடு, சக்கர விளிம்பும் மின்னட்டுமே என்று துடைத்துவிட்டாள். பிறகு பிரேக்கைப் பிடித்தாள், பிடித்தாள், பிடித்துக்கொண்டே இருந்தாள். சைக்கிள் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைக்குள் புகுந்துதான் நின்றது.

"மாமா, பிரேக்குக்கு எண்ணெய் போட்டா வழுக்காதா? என் சைக்கிள் வழுக்கிச்சே?"

"அது சைக்கிள். இது ஸ்போர்ட்ஸ் கார்."

"ரெண்டும் கவ்விப் பிடிக்கிறதுதானே?"

"மிளகு, உனக்குப் போகணுமா, வேண்டாமா? நொய் நொய்னு கேட்டுட்டிருந்தா இன்னிக்கு வண்டி கிளம்பாது."

மிளகுக்கு எரிச்சலாக வந்தது. போகணும்தான்! மாதக்கணக்கில் காத்திருந்தவள் அவள்தானே? வாயை மூடிக்கொண்டு ஏறிவிட்டால் ஆசை நிறைவேறிவிடும். ஆனால் கேட்டைத் தாண்டினால் தெரு சரசரவென்று கீழே இறங்கும். அது முடிகிற இடத்தில் பெரிய சாலை. அங்கே பேருந்துகள் குறுக்கும் நெடுக்கும் பாயும். அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளப் போர்வை எதுவும் கிடையாது.

நான்கு சக்கரமும் முடிந்தது. மாமா கையைக் கந்தலில் துடைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். "ஏறு!"

"ஒரு நிமிஷம்!" மிளகு மாடிக்கு ஓடினாள்.

"இவ ஒரு நிமிஷம் எப்ப முடியுமோ!" என்று மாமா அலுத்துக்கொண்டார்.

மிளகு சர்க்கரை ஜாடியோடு இறங்கி வந்தாள். எறும்புக்குப் பயந்து அம்மா இறுக்கி மூடி வைத்த கண்ணாடி ஜாடி. "இதைத் திறந்து குடுங்க மாமா. அப்புறம் ஏறிக்கிறேன்."

"இவ்வளவுதானா?" மாமா மூடியைத் திருகினார். கை வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கைதான் சுற்றியது, மூடி அசையவில்லை.

"உங்க அம்மா இதை எப்படித்தான் மூடினாளோ!"

"கப்பல்ல நங்கூரமே தூக்குவேன்னு சொன்னீங்க?"

"தூக்குவேன்டி! கையெல்லாம் எண்ணெய். என்ன பலம் போட்டாலும் பிடிமானமே கிடைக்க..."

மாமா அப்படியே நின்றார். ஜாடியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே இறங்கிப் போகும் தெருவைப் பார்த்தார்.

சாவி மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது.

நாக்கு நுனி வரை வந்ததை மிளகு கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"என்னடி, கிளம்பலையா?" என்று குண்டூசி கத்தினாள்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. மிளகு அதைப் பார்த்தாள். "இன்னிக்கு இல்ல. மெக்கானிக் ஒரு தடவை பாக்கட்டும்னு மாமா சொல்லிட்டாங்க," என்று திருப்பிக் கத்தினாள்.

சாயங்காலம் மெக்கானிக் அக்கா வந்தாள். சக்கரத்தைக் கழற்றினாள், விரலால் தொட்டாள், முகர்ந்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"பிரேக்குக்கு எண்ணெய் பூசின மகராசன் யாரு?"

மாமா வானத்தைப் பார்த்தார்.

"மேலாக்கத்தான் துரு இருந்திருக்கு அண்ணே. மெதுவா ஓட்டி, பிரேக்கை லேசா லேசா மிதிச்சிருந்தா அதுவே தேய்ஞ்சு போயிருக்கும். இப்ப கட்டையெல்லாம் எண்ணெயைக் குடிச்சிருச்சு. எட்டையும் மாத்தணும். நல்லவேளை, வண்டியை எடுக்கல."

"எடுக்க விடல," என்றார் மாமா. மிளகின் தலையில் கை வைக்கப் போனவர், இன்னும் எண்ணெய் போகாத கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் புதுக் கட்டை மாட்டி, டிஸ்க்குகளில் எண்ணெய் போகத் துடைத்து, மெக்கானிக் அக்காவே காரைப் பின்தெருவில் ஓட்டிப் பார்த்தாள். அது சமதரை. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கர்ர்ர்ரென்று துரு தேய்கிற, பல் கூசும் சத்தம்.

"காரா, கல் உடைக்கிற மெஷினா?" என்று ஜன்னலிலிருந்து அம்மா கேட்டாள்.

மூன்றாவது சுற்றில் சத்தம் தேய்ந்தது. பிறகு நின்றேவிட்டது. டிஸ்க்குகள் வெள்ளித் தட்டுப் போலப் பளிச்சிட்டன.

"இனிமே வாரம் ஒரு தடவையாவது யாராச்சும் ஓட்டணும்," என்றாள் மெக்கானிக் அக்கா.

மிளகு ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். குண்டூசி இரண்டு கையாலும் டாட்டா காட்டினாள். கார் கேட்டைத் தாண்டியது, தெருவில் இறங்கியது. பெரிய சாலை வந்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு பேருந்து வந்தது. மிளகு இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாமா பிரேக்கை மிதித்தார். சத்தமே இல்லாமல், குலுங்காமல், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் கார் நின்றது. பேருந்து தன் வழியே போனது.

"எப்படி?" என்று மாமா கேட்டார். "இப்ப வேகமா போய்க் காட்டட்டுமா?"

"வேண்டாம் மாமா," என்றாள் மிளகு. அவள் முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொரு தடவை நிறுத்திக் காட்டுங்க!"